‘ஃப்ரீயா கிடைக்குமா?’ன்னு இங்கிலீஷ்ல எப்படிக் கேட்கறது?

புதுச்சேரி கதிர்காமத்துலேருந்து பேசறேன். ஆடியோவா கேட்கறவங்களுக்குப் பின்னாடி வழுதாவூர் ரோடு வண்டிச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கோங்க. படிக்கறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒரு நேயர் இப்படிக் கேட்டிருந்தாங்க: “ஒரு பொருளைக் காசு இல்லாம கேட்கணும்னா இங்கிலீஷ்ல எப்படிக் கேட்கணும்? ‘ஃபார் ஃப்ரீ’யா, ‘ஃப்ரீ ஆஃப் காஸ்ட்’டா, ‘ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’ஜா? எது சரி?”

இலக்கணத்தை மட்டும் சொல்றதா இருந்தா இதுக்கு ரெண்டு நிமிஷம் போதும். ஆனா இதே விஷயத்தைத் தப்பா கேட்டு ஒரு நல்ல வாய்ப்பை நான் விட்டிருக்கேன். அதனால இன்னைக்குக் கொஞ்சம் விரிவாவே பேசிடலாம்.

நான் எழுதின அந்த மெயில்

இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஒரு டெக் மாநாட்டுக்குப் போகணும்னு ஆசை. மாணவர்களுக்கான கட்டணமே எங்க வீட்டு மூணு மாச மளிகைச் செலவு அளவுக்கு இருந்துச்சு. சரி, கேட்டுத்தான் பார்ப்போமேன்னு ஒரு மெயில் தட்டினேன். அதுல இருந்த முக்கியமான வரி இன்னும் ஞாபகம் இருக்கு: “கைண்ட்லி கிவ் மீ தி டிக்கெட் ஃபார் ஃப்ரீ ஆஃப் காஸ்ட்.”

மறுநாளே பதில் வந்துடுச்சு, ஒரே வரியில. மாநாட்டு டிக்கெட் இலவசம் கிடையாது, விலைப்பட்டியல் இணையதளத்துல இருக்கு, நன்றி. அவ்வளவுதான். எனக்கு ஒரே அவமானமா போச்சு. பிச்சை கேட்டுத் திருப்பி அனுப்பின மாதிரி இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லலை.

மூணு வாரம் கழிச்சு என் கிளாஸ்மேட் ஒருத்தன் அதே மாநாட்டுக்குக் கிளம்பறான். அவங்க வீட்டு நிலைமையும் எங்க வீட்டு நிலைமை மாதிரிதான். “எப்படிடா?”ன்னு கேட்டேன். அவன் எழுதின மெயிலைக் காட்டினான். “ஐ வுட் லைக் டு அப்ளை ஃபார் எ ஃபீ வேவர்.” அதாவது, கட்டண விலக்குக்கு விண்ணப்பிக்க விரும்பறேன். அந்த ஒரு வரிக்கு அவங்க ஒரு ஃபார்ம் அனுப்பியிருக்காங்க. அவன் அதைப் பூர்த்தி பண்ணி அனுப்ப, டிக்கெட் வந்துடுச்சு. நான் பார்த்தப்போ ஃபார்முக்கான கடைசித் தேதி முடிஞ்சு போச்சு.

ரெண்டு பேரும் கேட்டது ஒரே விஷயம்தான். அவங்க மனசு மாறினதால அவனுக்குக் கிடைக்கலை. அவன் உபயோகிச்ச வார்த்தைக்கு அந்த அலுவலகத்துல ஒரு வழிமுறை இருந்துச்சு. என் வார்த்தைக்கு இல்லை.

முதல்ல இலக்கணம்

‘ஃபார் ஃப்ரீ’: பேச்சுக்கு நல்லாவே பொருந்தும். “ஐ காட் இட் ஃபார் ஃப்ரீ”ன்னு எல்லா நாட்டுலயும் சொல்றாங்க. பழைய நடைக் கையேடுகள்ல இதுக்கு ஒரு ஆட்சேபம் உண்டு. ‘ஃபார்’ போட்டா பின்னாடி ஒரு விலை வரணும், ‘ஃபார் டென் ருபீஸ்’ங்கற மாதிரி, ‘ஃப்ரீ’ங்கறது விலை இல்லையே, வெறும் ‘ஃப்ரீ’ போதுமேங்கறது அவங்க வாதம். இப்போ அதை யாரும் பெருசா கண்டுக்கறதில்லை. ஆனா அலுவலகக் கடிதத்துல தவிர்த்துட்டா நல்லது.

‘ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’: எழுத்துக்கு, அறிவிப்புக்கு, அலுவலகத்துக்கு ஏத்தது. எங்கேயும் தைரியமா எழுதலாம்.

‘ஃப்ரீ ஆஃப் காஸ்ட்’: நம்ம ஊர்ல ரொம்பப் பிரபலம். நோட்டீஸ், சுற்றறிக்கை, போர்டு எல்லாத்துலயும் இருக்கும். இந்தியாவுல யாருக்கும் குழப்பம் வராது. வெளிநாட்டுக்காரங்ககிட்ட ‘சார்ஜ்’னு சொன்னா இன்னும் இயல்பா இருக்கும்.

‘ஃபார் ஃப்ரீ ஆஃப் காஸ்ட்’: தப்பு. ரெண்டு வழக்கை ஒட்டவெச்சு நான் செஞ்ச ஒட்டுப்போட்ட சட்டை அது.

‘ஃப்ரீலி’: இதுல கவனமா இருங்க. “தே கேவ் இட் ஃப்ரீலி”ன்னா தாராளமா, தடையில்லாம கொடுத்தாங்கன்னு அர்த்தம். காசு வாங்கலைன்னு சொல்ல இது சரியான வார்த்தை இல்லை.

இப்போ ‘சார்ஜ்’, ‘காஸ்ட்’ ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ‘சார்ஜ்’ங்கறது உங்ககிட்ட கேட்கற பணம். ‘காஸ்ட்’ங்கறது அந்தப் பொருளை உண்டாக்கவோ, அந்த வேலையைச் செய்யவோ ஆகற செலவு. உங்ககிட்ட பணம் கேட்காம இருக்கலாம். ஆனா செலவே ஆகாத பொருள்னு ஒண்ணு கிடையாது. யாரோ ஒருத்தர் கொடுத்திருப்பாங்க.

இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதுதான். ஃப்ரீயா கேட்கறதுக்கு முன்னாடி, “இதுக்கான காசை யார் கொடுக்கறாங்க?”ன்னு உங்களையே ஒரு தடவை கேட்டுக்கோங்க. அந்தப் பதிலைப் பொறுத்து இங்கிலீஷ் வார்த்தை மாறும். ஒண்ணொண்ணா பார்ப்போம்.

கடைக்காரர் கொடுத்தா

எங்க அம்மா காய்கறி வாங்கப் போனா, கடைசியில பையை மூடறதுக்கு முன்னாடி ஒரு நொடி நிறுத்துவாங்க. வாயைத் திறந்து கேட்கக்கூட மாட்டாங்க. கடைக்கார அக்கா தானா ரெண்டு இணுக்கு கறிவேப்பிலை, கொஞ்சம் கொத்தமல்லி எடுத்து உள்ளே போடுவாங்க. இதுதான் கொசுறு.

கொசுறுக்கு இங்கிலீஷ்ல பொருத்தமான வினைச்சொல் ‘த்ரோ இன்’. தூக்கி உள்ளே போடறதுன்னு நேரடி அர்த்தம், எங்க கடைக்கார அக்கா செய்யறதைப் பார்த்து வெச்ச மாதிரியே இருக்கு. ஃபோன் வாங்கறீங்க. “இஃப் ஐ டேக் இட் டுடே, குட் யூ த்ரோ இன் எ கேஸ்?” இன்னைக்கே எடுத்துக்கறேன், ஒரு கவர் சேர்த்துக் கொடுப்பீங்களா? இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லை. நீங்க ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கறீங்க, அந்த லாபத்துலேருந்து கொஞ்சம் கேட்கறீங்க.

நம்ம மாதிரியே ஒரு காலத்துல பிரெஞ்சுக்காரங்க ஊரா இருந்த அமெரிக்காவோட நியூ ஆர்லியன்ஸ்லயும் கொசுறு உண்டு. அங்கே பேரு ‘லான்யாப்’. தென் அமெரிக்க கெச்சுவா மொழியிலேருந்து ஸ்பானிஷுக்குப் போய், அங்கேயிருந்து லூசியானா பிரெஞ்சுக்கு வந்த வார்த்தை. மார்க் ட்வைன் 1883ல வந்த ‘லைஃப் ஆன் தி மிசிசிப்பி’ புத்தகத்துல இந்த வழக்கத்தைப் பத்தி ரசிச்சு எழுதியிருக்கார். கறிவேப்பிலைப் பழக்கம் உலகம் பூரா இருக்கு.

இதே குடும்பத்துல இன்னும் ரெண்டு வழக்கு இருக்கு. ‘ஆன் தி ஹவுஸ்’: இன்னைக்கு டீ கடைக் கணக்குலங்கற அர்த்தம். ஆனா இதைச் சொல்ல வேண்டியது கடைக்காரர். நீங்களே “இது ஆன் தி ஹவுஸா?”ன்னு கேட்டா ஒண்ணு ஜோக்கா எடுத்துப்பாங்க, இல்லைன்னா முகம் சுளிப்பாங்க.

‘காம்ப்ளிமென்டரி’: இதுல கொஞ்சம் சூட்சுமம் உண்டு. ஹோட்டல் ரூம்ல ‘காம்ப்ளிமென்டரி’ன்னு ஒரு தண்ணி பாட்டில் இருக்கும். அந்தக் காசை நீங்க ரூம் வாடகையிலயே கொடுத்தாச்சு. அதனால ரிசப்ஷன்ல “இஸ் பிரேக்ஃபாஸ்ட் ஃப்ரீ?”ன்னு கேட்கறதைவிட “இஸ் பிரேக்ஃபாஸ்ட் இன்க்ளூடட்?”னு கேளுங்க. ஃப்ரீயான்னு கேட்கறவர் தள்ளுபடி தேடறவர். இன்க்ளூடடான்னு கேட்கறவர் தான் கட்டின பணத்துக்குக் கணக்குக் கேட்கறவர்.

காசு உண்டா இல்லையான்னே தெரியாத இடத்துல ஒரு பொதுவான கேள்வி இருக்கு: “இஸ் தேர் எ சார்ஜ் ஃபார் திஸ்?” இதுக்குக் கட்டணம் ஏதாவது உண்டா? எந்த ஊர்லயும், எந்தக் கவுன்டர்லயும் மரியாதை குறையாத கேள்வி இது.

ஒரு நிதி கொடுத்தா

என் மெயில் தோத்த இடம் இதுதான். மாநாடு நடத்தறவங்க, பல்கலைக்கழகங்கள், இணையக் கல்வித் தளங்கள் மாதிரி நிறைய இடங்கள்ல, காசு கட்ட முடியாதவங்களுக்குன்னே ஒரு தொகை ஒதுக்கி வெச்சிருப்பாங்க. அதுக்குப் பேர் ஒவ்வொரு இடத்துலயும் மாறும். ‘ஃபீ வேவர்’னா கட்டண விலக்கு. ‘ஃபைனான்ஷியல் எய்ட்’னா நிதி உதவி. ‘பர்சரி’ன்னா படிக்கவோ கலந்துக்கவோ கொடுக்கற உதவித்தொகை.

நமக்குப் பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. 2023 செப்டம்பர்ல டெபியன் லினக்ஸ் குழுவோட உலக மாநாடான டெப்கான்ஃப் கொச்சியில நடந்துச்சு. வர விரும்பறவங்க சாப்பாடு, தங்கறது, பயணச் செலவு மூணுக்கும் பர்சரி கேட்டு விண்ணப்பிக்கலாம். இது அந்த மாநாட்டுல வருஷா வருஷம் இருக்கற ஏற்பாடு. விண்ணப்பிக்கறவங்களை யாரும் கெஞ்சறவங்களா பார்க்கறதில்லை.

‘வேவ்’ங்கற வினைச்சொல் ஏன் வேலை செய்யுது? மெயிலைப் படிக்கற ஊழியர் பக்கத்துலேருந்து யோசிச்சுப் பாருங்க. “ஃப்ரீயா கொடுங்க”ன்னு வந்தா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. அவர் கைக்காசைப் போட்டா கொடுக்க முடியும்? “இல்லை”ன்னு சொல்றதுதான் அவருக்கு ஒரே வழி. “கட்டணம் இருக்குன்னு எனக்குத் தெரியும், விலக்குக்கு விதிமுறை இருந்தா விண்ணப்பிக்கறேன்”னு வந்தா, சரின்னு சொல்றதுக்கு அவருக்கே ஒரு வழி கிடைக்குது. விதியைப் பார்ப்பார், ஃபார்மை அனுப்புவார், மேலதிகாரிகிட்ட கையெழுத்து வாங்குவார்.

அதனால மெயில்ல மூணு விஷயம் இருக்கட்டும். ஒண்ணு, நீங்க யார். ரெண்டு, ஏன் கட்ட முடியலைன்னு ஒரே வரி, அழுகை வேண்டாம். மூணு, நேரடியான கேள்வி: “டு யூ ஆஃபர் ஃபீ வேவர்ஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ்? இஃப் ஸோ, ஹவ் டு ஐ அப்ளை?” மாணவர்களுக்குக் கட்டண விலக்கு உண்டா? உண்டுன்னா எப்படி விண்ணப்பிக்கணும்? முடிஞ்ச வரைக்கும் சீக்கிரமா அனுப்புங்க. நிதின்னா அதுக்கு ஒரு கடைசித் தேதி இருக்கும்னு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

எதிர்ல இருக்கறவர் கொடுத்தா

பக்கத்துல இருக்கறவர்கிட்ட ஒரு பேனா, ஒரு பேப்பர், ஒரு சிகரெட் கேட்கறோம். மரியாதையா கேட்கணும்னா “குட் யூ ஸ்பேர் எ ஷீட் ஆஃப் பேப்பர்?” ‘ஸ்பேர்’னா உங்களுக்குப் போக மிச்சம் இருந்தா கொடுங்கன்னு அர்த்தம். நெருங்கின நண்பர்கள்கிட்ட அமெரிக்காவுல “கேன் ஐ பம் எ சிகரெட்?”னு கேட்பாங்க. இந்த ‘பம்’ நம்ம ‘ஓசி’க்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. ஆஃபீஸ் மெயில்ல எழுதிடாதீங்க. பிரிட்டிஷ்காரங்களுக்கு அந்தச் சொல்லோட முதல் அர்த்தம் பின்பக்கம்!

எப்பவும் அடுத்தவர் பையிலேயே கைவைக்கறவருக்கு இங்கிலீஷ்ல ‘ஃப்ரீலோடர்’, ‘மூச்சர்’னு பேர். நம்ம ஊர்ல அவருக்கு ‘ஓசி கிராக்கி’.

ஓசிக்கு ஒரு கதை உண்டு, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகக் கடிதங்கள் மேல ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’னு போட்டிருக்கும், அதுக்குத் தபால் கட்டணம் கிடையாது, அந்த ‘ஓ.சி.’தான் ஓசி ஆச்சுன்னு பரவலா சொல்றாங்க. கதையை ஒரு ஓரமா வெச்சுட்டு அந்தத் தபாலை மட்டும் பாருங்க. ஸ்டாம்ப் ஒட்டாத கடிதத்தையும் ஒரு ஆள் வெயில்ல தூக்கிட்டு ஓடித்தான் ஆகணும். அந்தச் செலவு எங்கேயோ ஒரு கணக்குல விழும். அதனாலதான் 1866ல அரசாங்க அலுவலகக் கடிதங்களுக்குன்னே ‘சர்வீஸ்’னு மேலே அச்சடிச்ச தனி ஸ்டாம்ப் வந்துச்சு. அரசாங்கம் தன் கடிதத்துக்குத் தானே காசு கட்டி, கணக்கு எழுத ஆரம்பிச்சது.

நாம எல்லாரும் சேர்ந்து கொடுத்தா

இப்போ கொஞ்சம் கஷ்டமான பகுதி.

எங்க ஆயா அரசு ஆஸ்பத்திரியை ‘தர்மாஸ்பத்திரி’ன்னுதான் சொல்லுவாங்க. அந்தத் தலைமுறையில பல பேருக்கு அதுதான் பேர். தர்மம்னு பேர் வெச்சுட்டதால, போய் நிக்கறதே தர்மம் வாங்கற மாதிரிதான். சீட்டு கொடுக்கற இடத்துல முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு, குரலைத் தாழ்த்தி, எதிர்ல இருக்கறவர் சின்னப் பையனா இருந்தாலும் “சாமி”ன்னு கூப்பிடுவாங்க. “மாத்திரை இன்னும் ரெண்டு நாளுக்கு வேணும்”னு கேட்க அவங்களுக்கு வாய் வராது. “சும்மா குடுக்கறாங்க, அதுல நம்ம என்ன கேட்கறது”ன்னு திரும்பி வந்துடுவாங்க. ஒரு தடவை அப்படிக் கேட்காம வந்து, ரெண்டு நாள் சுகர் மாத்திரை இல்லாம இருந்து, மூணாம் நாள் தலைசுத்திக் கீழே விழுந்தாங்க. பெருசா ஒண்ணும் ஆகலை. ஆனா ஒரு வார்த்தை கேட்டிருந்தா அதுவும் நடந்திருக்காது.

இன்னைக்கு எங்க கதிர்காமத்துலயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. கொஞ்சம் தள்ளி கோரிமேட்டுல ஜிப்மர். அதோட வேர் 1823ல பிரெஞ்சுக்காரங்க தொடங்கின மருத்துவப் பள்ளி வரைக்கும் போகுது. இதெல்லாம் யார் காசு? ஆயா வாங்கின சோப்புல, தீப்பெட்டியில, பஸ் டிக்கெட்டுல போன வரியும் அதுல இருக்கு. தன் காசும் சேர்ந்து கட்டின இடத்துலதான் அவங்க தலை குனிஞ்சு நின்னாங்க.

இந்த இடத்துக்கு இங்கிலீஷ்ல ‘ஃப்ரீ’ங்கற வார்த்தையே வேண்டாம். “ஆம் ஐ எலிஜிபிள் ஃபார் திஸ் ஸ்கீம்?” இந்தத் திட்டத்துக்கு எனக்குத் தகுதி இருக்கா? இல்லைன்னா “வாட் ஆம் ஐ என்டைட்டில்ட் டு?” எனக்கு உரிமையா கிடைக்க வேண்டியது என்னென்ன? ஒரு எச்சரிக்கை: ‘என்டைட்டில்ட் டு’ன்னு பின்னாடி பொருள் வந்தா அது உரிமை. “ஹி இஸ் ஸோ என்டைட்டில்ட்”னு அதோட நிறுத்திட்டா, எல்லாம் தனக்கே வரணும்னு நினைக்கறவர்னு திட்டு.

தமிழ்லயும் இந்தச் சண்டை நடந்துக்கிட்டேதான் இருக்கு. 2011ல தமிழ்நாட்டுல லேப்டாப், மிக்ஸி, கிரைண்டர் கொடுத்தப்போ ‘இலவச’ங்கற சொல்லுக்குப் பதிலா ‘விலையில்லா’ன்னு போட்டாங்க. 2021ல சாதாரண அரசு டவுன் பஸ்ல பெண்களுக்கு வந்தது ‘கட்டணமில்லா’ பயணம். ஏறினா கண்டக்டர் காசு வாங்காம ஒரு டிக்கெட் கிழிச்சுக் கொடுப்பார். அந்தக் கணக்கை வெச்சு அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கொடுக்கும். அதாவது காசு கொடுக்கறவர் யார்னு அந்தச் சின்னச் சீட்டுலயே பதிவாகுது. 2022ல ஒரு அமைச்சர் மேடையில அதை ‘ஓசி’ன்னு சொன்னப்போ ஏன் அவ்வளவு பெரிய சர்ச்சை ஆச்சு? ஓசின்னா எதிர்ல இருக்கறவர் பையிலேருந்து எடுக்கறது. பஸ்ல ஏறின அக்கா யார் பையிலேருந்தும் எடுக்கலை. இந்தத் திட்டங்கள் தேவையா, செலவு தாங்குமாங்கறது தனி விவாதம். அதை யாரும் தாராளமா பண்ணலாம். ஆனா வார்த்தையிலயே ஆளைக் குறைச்சுட்டா அப்புறம் விவாதம் எங்கே நடக்கும்?

“தேர் இஸ் நோ ஸச் திங் ஆஸ் எ ஃப்ரீ லன்ச்”னு ஒரு வழக்கு கேள்விப்பட்டிருப்பீங்க. பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1975ல இதையே ஒரு புத்தகத்துக்குத் தலைப்பா வெச்சார். இது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க சாராயக் கடைகள்லேருந்து வந்தது. ஒரு கிளாஸ் வாங்கினா சாப்பாடு ஃப்ரீ. சாப்பாட்டுல உப்பு தூக்கலா இருக்கும். தாகத்துக்கு இன்னும் ரெண்டு கிளாஸ் வாங்குவாங்க. சாப்பாட்டுக் காசு அதுல வந்துடும்.

நம்ம ஊர்ல நடந்தது வேற. புதுச்சேரியில பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு பிரெஞ்சு ஆட்சிக் காலத்துலயே, 1930ல தொடங்கிடுச்சு. அதுக்கும் காசு ஆகத்தான் செஞ்சது. ஆனா அது பசியில இருக்கற பிள்ளையோட கணக்குல எழுதப்படலை, ஊர்க் கணக்குல எழுதப்பட்டது. ஃப்ரீ லன்ச் இல்லைங்கறது உண்மைதான். யார் கொடுக்கறாங்கங்கறதுலதான் எல்லா வித்தியாசமும் இருக்கு.

நம்மகிட்டயே ஃப்ரீயா கேட்டா

சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இது பழக்கமான வசனம்: “தம்பி, சின்ன வெப்சைட்தான், சும்மா ஒரு நாள்ல பண்ணிடலாம்ல?” அந்தச் ‘சும்மா’வுல நம்ம ரெண்டு சனி ஞாயிறு போயிடும்.

தொழில் தெரிஞ்சவர் பொதுநலனுக்காகக் காசு வாங்காம செஞ்சா அது ‘ப்ரோ போனோ’. வக்கீல்கள் நிறைய சொல்லுவாங்க. அதை முடிவு பண்ண வேண்டியது செய்யறவர்தான். பணிவா மறுக்கணும்னா “ஐ காண்ட் டு திஸ் ஃபார் ஃப்ரீ, பட் ஐ கேன் பாயின்ட் யூ டு ஸம் குட் டூல்ஸ்.” இதை இலவசமா செய்ய முடியாது, ஆனா நல்ல கருவிகள் எங்கே இருக்குன்னு காட்டறேன். நீங்க வேற ஒருத்தரோட உழைப்பைக் கேட்கறதா இருந்தா “வாட் டு யூ சார்ஜ்?”ல ஆரம்பிங்க. வேண்டாம்னு சொல்றது அவர் விருப்பம்.

எங்க துறையில ‘ஃப்ரீ’க்கு இன்னொரு குழப்பமும் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ல க்னூ திட்டத்தை அறிவிச்சதுலேருந்து ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’னா சுதந்திரம், விலை இல்லைன்னு விளக்கம் சொல்லிச் சொல்லியே ஓஞ்சு போனாங்க. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல். பிரெஞ்சுல இந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை. காசில்லாதது ‘கிரத்துய்’, சுதந்திரமானது ‘லீப்ர்’. தமிழ்லயும் வழி கண்டுபிடிச்சாச்சு. ‘இலவசம்’ வேற, ‘கட்டற்ற’ வேற. ‘கட்டற்ற மென்பொருள்’னு சொன்னா விளக்கமே தேவையில்லை.

முடிக்கறதுக்கு முன்னாடி

சுருக்கமா ஒரு தடவை. கடைக்காரர் கொடுத்தா ‘த்ரோ இன்’. ஏற்கனவே நீங்க கட்டின பணத்துல அடங்கியிருந்தா ‘இன்க்ளூடட்’. நிறுவனம் ஒதுக்கின நிதின்னா ‘வேவர்’, ‘எய்ட்’, ‘பர்சரி’. எதிர்ல இருக்கற மனுஷர் கொடுத்தா ‘ஸ்பேர்’. எல்லாரோட வரிப்பணம்னா ‘எலிஜிபிள்’, ‘என்டைட்டில்ட் டு’. எதுவுமே புரியலைன்னா “இஸ் தேர் எ சார்ஜ் ஃபார் திஸ்?” போதும்.

ஆயாவை இப்போ மாசாமாசம் நான்தான் கூட்டிட்டுப் போறேன். போன மாசம் கவுன்டர்ல நின்னப்போ நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்களே கேட்டுட்டாங்க: “முப்பது நாளுக்கு எழுதியிருக்காரே, இருபத்தெட்டுதானே இருக்கு?” எண்ணிப் பார்த்துட்டு மீதி ரெண்டையும் கொடுத்தாங்க. வண்டியில வரும்போது “கேட்டா குடுக்கறாங்கடா”ன்னு சொன்னாங்க.

நீங்களும் கேளுங்க. ஏதாவது மெயில் எழுதப் பயந்துக்கிட்டு ட்ராஃப்ட்லயே வெச்சிருந்தீங்கன்னா, ‘ஃபார் ஃப்ரீ ஆஃப் காஸ்ட்’டை மட்டும் எடுத்துட்டு இன்னைக்கே அனுப்பிடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.